காவோலையும் பற்றைக்காடும்: மயிலிட்டியில் போர், வறட்சி, தீ

மயிலிட்டி யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் இடையில் அமைந்த ஊர். கடற்கரையோரம் மீன்பிடித் துறையும், அதன் பின்னால் வீடுகளும் பனங்கூடல்களும், இன்னும் தெற்கே செம்பாட்டுத் தோட்டங்களுமாக அது விரிந்து கிடந்தது. கண்ணகி அம்மன் கோயிலும் காணிக்கை மாதா ஆலயமும் ஊரின் அடையாளங்கள். வடகரையின் முதன்மையான மீன்பிடித் துறைகளுள் ஒன்றாக அது 1980கள் வரை இயங்கியது. அந்த ஊரில் காடு இருந்ததில்லை. ஆனால் 1990க்குப் பின், காட்டுத்தீ பற்றுவதற்கு வேண்டிய எல்லாம் அங்கே சேர்ந்தன. அவற்றைச் சேர்த்தது போர், உலர்த்தியது வறட்சி. மயிலிட்டியின் அண்மைக்கால வரலாற்றை அந்த வழியாகவும் படிக்க முடியும்.

காற்றும் மழையும்

குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் படிந்த நிலம். வருடம் முழுவதும் ஓடும் ஆறு எதுவும் அங்கே இல்லை. மழைநீர் கல்லின் வெடிப்புகளினூடாக இறங்கி நிலத்தடியில் தேங்குகிறது. கிணறுதான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். ஆண்டு மழை ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர். அதில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் பெய்து முடிந்துவிடும். பங்குனி, சித்திரையில் சில நாள் இடிமழை வந்தால் வரும். மற்றபடி தை முதல் புரட்டாதி வரை நீண்ட உலர் காலம்.

அந்த உலர் காலத்தின் பிற்பாதியில் சோளகம் வீசுகிறது. வைகாசியில் எழும் இந்தத் தென்மேற்குக் காற்று ஆவணி, புரட்டாதி வரை ஓயாது. இலங்கையின் தென்மேற்குப் பகுதிக்கு மழை கொண்டுவரும் அதே காற்று, யாழ்ப்பாணத்தை அடையும்போது ஈரத்தை இழந்து வெறும் காற்றாக வந்து நிலத்தை உலர்த்துகிறது. ஓலையும் புல்லும் சருகாகிக் கிடக்கும் மாதங்களும், காற்று பலமாக வீசும் மாதங்களும் ஒன்றாக அமைவது இந்நிலத்தின் இயல்பு. ஆகவே தீக்கு ஏற்ற பருவம் மயிலிட்டிக்குப் புதிதல்ல. அந்தப் பருவத்தில் எரிவதற்கு நிலத்தில் என்ன கிடந்தது என்பதே காலத்துக்குக் காலம் மாறியது.

எரிபொருளை அள்ளிய தொழில்கள்

பனை மரம் தன் பழைய ஓலைகளைத் தானாக விரைவில் உதிர்ப்பதில்லை. பச்சை ஓலை முற்றிக் காவோலையாகி, வட்டுக்குக் கீழே பாவாடைபோல் பல காலம் தொங்கும். வெட்டாமல் விட்ட பனையில் ஆண்டுக்கு ஆண்டு இந்தப் பாவாடை நீளும். அடியில் விழுந்த மட்டை, பன்னாடை, கங்குமட்டை, ஊமல் ஆகியன நிலத்தில் மெத்தையாகச் சேரும். இவை யாவும் நன்றாக எரிபவை. பராமரிப்பில்லாத பனங்கூடலில் தரையில் பிடிக்கும் தீ, தொங்கும் காவோலை வழியாக வட்டு வரை ஏறிவிடும். அங்கிருந்து எரியும் ஓலைத் துண்டுகள் காற்றில் பறந்து அடுத்த மரத்தில் விழும்.

யாழ்ப்பாணத்து வாழ்க்கை இந்த எரிபொருளை ஓயாமல் அப்புறப்படுத்திக்கொண்டிருந்தது. வேலியடைப்புக்கு ஓலை வெட்டினார்கள். பச்சை ஓலையைக் கிழித்து மாட்டுக்குப் போட்டார்கள். பழைய வேலியோலையைத் தோட்டத்தில் தாழ்த்து உரமாக்கினார்கள். காவோலையும் மட்டையும் பன்னாடையும் ஊமலும் அடுப்புக்குப் போயின. கள் இறக்குவோர் மரத்தில் ஏறுவதற்காகவே கங்குமட்டைகளைச் சீவி மரத்தைத் துப்புரவாக வைத்தனர். ஆடு மாடுகள் புல்லைக் கரம்பின. கூட்டி அள்ளிய முற்றமும், கொத்திப் புரட்டிய தோட்டமும், மணல் ஒழுங்கைகளும் ஒரு வளவின் தீ மறு வளவுக்குத் தாவாமல் இடைவெளி தந்தன. கிடுகுக் கூரையும் ஓலை வேலியும் நிறைந்த ஊர்களில் கோடையில் வீடு எரிவது உண்டு. அப்போது அயலவர் கிணற்று வாளியோடு ஓடிவருவதும் உண்டு.

இவற்றை யாரும் தீத்தடுப்பு என்று அழைக்கவில்லை. அவை பிழைப்புக்கான வேலைகள். ஆனால் அவற்றின் கூட்டுப் பயன், எரியக்கூடிய எதுவும் நிலத்தில் நெடுநாள் சேராமல் இருந்ததுதான். ஆட்களை அப்புறப்படுத்தினால் இந்த வேலைகள் அனைத்தும் ஒரே நாளில் நின்றுவிடும். 1990இல் நடந்தது அதுவே.

1990 ஆனி மாதம்

போர் இந்தக் கரைக்கு முதலில் வந்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். பிரித்தானிய விமானப் படை பலாலியில் ஓடுதளம் அமைத்தது. பிற்காலத்தில் அந்த ஓடுதளமும் காங்கேசன்துறைத் துறைமுகமும் இலங்கைப் படைகளின் வடக்குத் தளங்களாயின. 1980களின் நடுப்பகுதி முதல் பலாலியைச் சுற்றியிருந்த ஊர்களில் இடப்பெயர்வு தொடங்கியது.

1990 ஜூன் மாதத்தின் இரண்டாம் வாரத்தில் அரச படைகளுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் மூண்டது. ஜூன் 15ஆம் திகதி மயிலிட்டி மக்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். சோளகம் வீசத் தொடங்கிய, ஓலையெல்லாம் காய்ந்திருந்த மாதம் அது. சில நாளில் திரும்பலாம் என்று எண்ணிப் போனவர்கள் மல்லாகம், சுன்னாகம் போன்ற இடங்களின் நலன்புரி முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் கால் நூற்றாண்டுக்கு மேல் தங்க நேர்ந்தது. மயிலிட்டி அடங்கிய வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதுமே இடம்பெயர்ந்து, பல இலட்சம் பேர் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் சென்றனர். 1996 நடுப்பகுதிக்குள் அவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பியபோதும், வலயத்துக்குள் இருந்த மயிலிட்டி பூட்டியபடியே கிடந்தது. போர் 2009இல் முடிந்த பிறகும் அது திறக்கவில்லை. 2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கு அறிவித்தல் ஒட்டப்பட்டது. உரிமையாளர்கள் 2,000க்கு மேற்பட்டோர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினார்கள்.

முள்வேலியின் இரு பக்கம்

வலயத்தின் எல்லை முள்வேலி இரண்டு வகை நிலத்தைப் பிரித்தது. வெளியே இருந்த குடாநாடு 1990களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்தது. மண்ணெண்ணெய் அரிதாயிற்று, மின்சாரம் இல்லை. சமைப்பதற்கு விறகே வழி. காவோலையும் மட்டையும் சுள்ளியும் முன்னெப்போதையும்விட வேகமாக அடுப்புக்குப் போயின. பங்கர் வெட்டி அதன் மேல் மூடுவதற்குப் பனங்குற்றி வேண்டியிருந்தது. பொதுமக்களும் போரிட்ட இரு தரப்பும் பனைகளைத் தறித்தனர். எறிகணை பட்டு வட்டு இழந்த மொட்டைப் பனைகள் போர்முனைகளில் வரிசையாக நின்றன. அங்கே நிலம் வெறிச்சோடியது.

வேலிக்கு உள்ளே நிலம் இரண்டாகப் பிரிந்தது. காவலரண்களுக்கும் மண் அணைகளுக்கும் முன்னால் பார்வைக்காக மரங்களும் வீடுகளும் அழிக்கப்பட்டன. மற்ற வளவுகளை யாரும் தொடவில்லை. தோட்டத்தில் முதலில் புல் எழுந்தது. புல்லுக்குள் எருக்கலையும் நாயுண்ணியும் வந்தன. பிறகு விடத்தல், இலந்தை, வேம்பு. வேலிக் கதியால்களாக நின்ற பூவரசும் கிளுவையும் பெருமரங்களாயின. கூரை இழந்த வீடுகளின் உள்ளே மரம் முளைத்துச் சுவரைப் பிளந்தது. விழுந்த பனம்பழம் விழுந்த இடத்திலேயே முளைத்து வடலிக் கூட்டமாயிற்று. வளர்ந்த பனைகளில் காவோலைப் பாவாடை நீண்டது.

தீயின் கண்ணால் பார்த்தால் இது ஓர் ஏணி. காய்ந்த புல் சிறு பொறியிலும் பற்றும். அதன் சூட்டில் பற்றை எரியும். பற்றையின் உயரத்திலிருந்து தீ வடலி மட்டைக்கும், அதிலிருந்து பனையின் காவோலைக்கும் ஏறும். முன்பு மனித உழைப்பு இந்த ஏணியின் ஒவ்வொரு படியையும் எடுத்துக்கொண்டிருந்தது. 27 ஆண்டுகள் யாரும் எடுக்காதபோது எல்லாப் படிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. முற்றமும் ஒழுங்கையும் தந்த இடைவெளிகளையும் பற்றை மூடிவிட்டது. இந்நிலையில் தீ பிடித்தால் வாளியோடு ஓடிவர அயலவரும் இல்லை. தூர்ந்த கிணற்றில் அள்ளத் தண்ணீரும் இல்லை.

போர் தரும் பொறி

பகைவர் நாட்டை எரிப்பது போரின் பழைய வழக்கம். தொல்காப்பியத்தின் புறத்திணையியல் வஞ்சித்திணையின் துறைகளுள் ஒன்றாக எரிபரந்தெடுத்தலைச் சொல்கிறது. வெடிமருந்துக் காலத்தில் எரிப்பதற்கு நோக்கம் தேவையில்லாமல் போயிற்று. எறிகணையின் சூடான சிதறல், இரவில் மக்கள் ‘பரா வெளிச்சம்’ என்று அழைத்த ஒளிக்குண்டு, துப்பாக்கியின் ஒளிரும் ரவை, வெடித்த மிதிவெடி என ஒவ்வொன்றும் காய்ந்த புல்லில் தீ மூட்டப் போதுமானது.

போர் நின்ற பிறகும் இந்தப் பொறிகள் மண்ணில் இருக்கின்றன. வடக்கில் இரு தரப்பும் புதைத்த மிதிவெடிகளை அகற்றும் பணி 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின் பெருமளவில் தொடங்கியது. குடாநாட்டின் வாசலில் உள்ள முகமாலை நாட்டின் மிகப் பெரிய கண்ணிவெடி வயல்களுள் ஒன்றாக இருந்தது. மிதிவெடிகளைத் தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. இராணுவம் புதைத்தவற்றுள் பிளாஸ்ரிக் உறையுடைய வெடிகளும், புலிகள் புதைத்தவற்றுள் மரப்பெட்டியில் அடைத்த ஜொனி மிதிவெடிகளும் அடங்கும். இவற்றின் மேலாகத் தீ போனால் நிலம் சுத்தமாவதில்லை. சில வெடிக்கும். சில உறை உருகி, முன்னிலும் ஆபத்தான நிலையில் அங்கேயே கிடக்கும். அதனால் கண்ணிவெடி உள்ள காணியில் தீயணைக்க யாரும் உள்ளே போக முடியாது. தீ தன் எல்லையைத் தானே தேடிக்கொள்ள விடவேண்டியதுதான்.

சேமித்து வைத்த வெடிமருந்தும் அதே ஆபத்தைச் சுமக்கிறது. 2016 ஜூன் 5ஆம் திகதி கொழும்பு மாவட்டத்தின் கொஸ்கமவில் உள்ள சாலாவ இராணுவ முகாமின் ஆயுதக் களஞ்சியத்தில் தீ பரவி, இரவு முழுவதும் வெடிகள் தொடர்ந்தன. சுற்றுவட்டாரத்து மக்கள் வெளியேற நேர்ந்தது. போர் முடிந்து ஏழு ஆண்டுகளின் பின் நடந்தது அது.

இந்த எச்சங்களுக்கு ஏழு ஆண்டு ஒரு நீண்ட காலமே அல்ல. 2022 ஜூலையில் சுலோவேனியாவின் கார்ஸ்ட் மேட்டுநிலத்தில் 3,500 எக்டேருக்கு மேற்பட்ட காடு எரிந்தது. முதலாம் உலகப் போரின் இத்தாலியப் போர்முனை அங்கேதான் இருந்தது. நூறு ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்த குண்டுகள் தீயின் சூட்டில் வெடித்தன. தீயணைப்பு வீரர்கள் பல இடங்களில் நெருங்க முடியாமல் விலகி நின்றார்கள். கார்ஸ்ட் நிலமும் யாழ்ப்பாணத்தைப் போலவே சுண்ணாம்புக் கல் நிலம்; மழைநீர் மேற்பரப்பில் தங்காத நிலம்.

ஈரம் இருந்தால் பொறி அணையும்

பொறி மட்டும் பெருந்தீ ஆவதில்லை என்பதற்கு வியட்நாம் சான்று. 1965க்கும் 1967க்கும் இடையில் அமெரிக்கப் படைகள் அங்குள்ள காடுகளைக் கொளுத்தித் தரைமட்டமாக்க முயன்றன. களைகொல்லி தெளித்து இலைகளை உதிர்த்து, காய்வதற்குக் காலம் விட்டு, பின்னர் விமானங்களிலிருந்து தீக்குண்டுகளைக் கொட்டின. ஈரக் காடு நினைத்தபடி எரியவில்லை. முயற்சி கைவிடப்பட்டது. உலகின் முதன்மையான வல்லரசால் ஈரத்தை வெல்ல முடியவில்லை.

அந்த ஈரத்தைத்தான் புவி வெப்பமடைதல் குறைத்து வருகிறது. தொழிற்புரட்சிக்கு முந்திய காலத்தோடு ஒப்பிட்டால் உலகின் சராசரி வெப்பநிலை 1 பாகை செல்சியசுக்கு மேல் உயர்ந்துள்ளது. ஒரு பாகை கூடினால் காற்று ஏறக்குறைய 7 வீதம் அதிக நீராவியைத் தாங்கும். அந்த நீராவி கடலிலிருந்து கிடைக்காத இடத்தில் காற்று அதை மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் உறிஞ்சும். அதே அளவு மழை பெய்தாலும் நிலம் முன்னைவிட விரைவாகக் காய்வது இதனால்தான். மழை பெய்யும்போது அதே காற்று அதிக நீரை ஒரே தடவையில் கொட்டுகிறது. கொட்டிய மழையில் புல் செழிக்கும். பின்வரும் நீண்ட கோடையில் அது சருகாகும். பெருமழையும் கடும் வறட்சியும் மாறி மாறி வருவது, எரிபொருளை வளர்த்து உலர்த்திக் கொடுப்பதற்கு ஒப்பானது.

2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. பாக்குநீரிணையின் மறுகரையான தமிழ்நாட்டில் அந்தப் பருவத்தின் மழை வழமையைவிட 62 வீதம் குறைந்தது. இலங்கையில் 2016, 2017 ஆண்டுகளின் வறட்சி நாற்பது ஆண்டுகளில் மிகக் கடுமையானது என்று மதிப்பிடப்பட்டது. வட மாகாணம் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்று. கிணறுகள் வற்றின, பவுசர்களில் குடிநீர் விநியோகம் நடந்தது.

போரும் இந்த வெப்பத்துக்குப் பங்களிக்கிறது. உலகப் படைகளின் எரிபொருள், தளவாடம், கட்டுமானம் அனைத்தையும் சேர்த்து, மொத்தப் பசுமைக்குடில் வாயு வெளியீட்டில் ஏறக்குறைய 5.5 வீதம் அவற்றுடையது என்று 2022இல் வெளியான மதிப்பீடு ஒன்று சொல்கிறது. பாரிஸ் உடன்படிக்கையின் கீழ் நாடுகள் தம் படைகளின் வெளியீட்டைத் தனியே காட்டுவது கட்டாயமல்ல. ஆகவே போர் தீயை இருவழியில் ஊட்டுகிறது: ஓர் இடத்தில் பொறியாக, உலகெங்கும் வெப்பமாக.

இரண்டும் சேர்ந்த இடத்தில் விளைவு பெரிது. உக்ரைனில் கோடை வெப்பமாகவும் வறண்டும் இருந்த 2024ஆம் ஆண்டில் 9 இலட்சம் எக்டேருக்கு மேற்பட்ட நிலம் எரிந்ததைச் செய்மதிகள் பதிவு செய்தன. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் அனைத்திலும் அவ்வாண்டு எரிந்த பரப்பைவிட அது இருமடங்குக்கும் மேல். தீ பெரும்பாலும் போர்முனையை ஒட்டிய நிலங்களில் மூண்டது. கண்ணிவெடிக்கு அஞ்சி அங்கே அணைக்கப் போக முடியவில்லை. வயல்களை உழவும் ஆளில்லை. மயிலிட்டியில் கண்ட அதே சேர்க்கை அங்கே பன்மடங்கு அளவில் நிகழ்ந்தது.

திரும்பி வந்தவர்களின் தீ

2017 ஜூலை 3ஆம் திகதி மயிலிட்டித் துறைமுகமும் அதைச் சூழ்ந்த 54 ஏக்கர் நிலமும் மக்களிடம் கையளிக்கப்பட்டன. 27 ஆண்டுகளின் பின் வந்த அந்த நாள், நாடு கண்ட கடும் வறட்சியின் நடுவிலும், சோளகத்தின் நடுவிலும் அமைந்தது. 2018 ஏப்ரல் 13ஆம் திகதி வலிகாமம் வடக்கில் மேலும் 683 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. அதுவும் உலர் காலம்.

வந்தவர்களுக்குத் தம் வளவு எது என்று தெரியவில்லை. கிணற்றுக் கட்டையும் கோயிலின் திசையையும் வைத்து எல்லையைத் தேடினார்கள். வீடு கட்டவும் தோட்டம் செய்யவும் முதலில் பற்றையை அகற்ற வேண்டும். இயந்திரம் வைத்துத் தள்ள எல்லோரிடமும் பணம் இல்லை. கத்தியும் கோடரியும் கொண்டு வெட்டிக் குவித்து, குவியலுக்குத் தீ வைப்பதே எளிய வழி. பரம்பரையாகத் தோட்டத்துக் குப்பையை எரித்துப் பழகிய கைகளுக்கு அதில் புதுமை இல்லை. ஆனால் சூழ்ந்திருந்த நிலம் பழைய நிலம் அல்ல. முன்பு குவியலைச் சுற்றிக் கொத்திய தோட்டம் இருந்தது. இப்போது குவியலுக்கு அடுத்த வளவும் அதற்கு அடுத்ததும் பற்றை. அடுத்த வளவின் உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கலாம். அல்லது அந்த வளவு இன்னும் வேலிக்கு அப்பால், படையினர் வசம் இருக்கலாம்.

குடாநாடெங்கும் இன்று பனங்கூடல்கள் எரிவது கோடைதோறும் கேள்விப்படும் செய்தி. போரும் புலம்பெயர்வும் வெறுமையாக்கிய காணிகள், ஓலைக்குப் பதில் தகரமும் மதிலும் வந்த வேலிகள், காவோலைக்குப் பதில் எரிவாயு வந்த அடுக்களைகள் ஆகிய மூன்றும் சேர்ந்து ஓலையைத் தேவையற்றதாக்கிவிட்டன. யாழ்ப்பாணத்திலிருந்து மயிலிட்டிக்கு ஏறக்குறைய இருபது கிலோமீற்றர். தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்குள் காவோலை எரிந்து முடிந்திருக்கும்.

பனை தீயைத் தாங்கக்கூடிய மரம். முளைத்த விதையின் வளர்முனை பல ஆண்டுகள் மண்ணுக்குள் இருப்பதால் இளங்கன்று மேலே கருகினாலும் மீண்டும் குருத்து விடும். முற்றிய மரத்தின் வைரமான புறப்பகுதி சூட்டை உள்ளே விடாது. ஆனால் ஒவ்வொரு பனைக்கும் ஒரே குருத்துத்தான். தொங்கும் காவோலை முழுவதும் பற்றி, சூடு குருத்தை எட்டினால் அந்த மரம் அத்தோடு முடிந்தது. தலை வெட்டிய மற்ற மரங்கள்போல் அது பக்கத்தில் கிளைக்காது. பனை பாளை விடுவதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகும். போருக்குத் தப்பிய பனை கோடைத் தீக்கு இரையானால், அதன் இடத்தை நிரப்ப ஒரு தலைமுறைக் காலம் வேண்டும்.

காக்கும் வழிகள்

தீக்கு வேண்டியவற்றுள் காற்றையும் கோடையையும் மயிலிட்டி தடுக்க முடியாது. எரிபொருளைக் குறைப்பதே ஊரின் கையில் உள்ளது. சோளகம் எழுமுன், சித்திரை மாதத்துக்குள் ஓலை வெட்டிக் கூடலின் தரையைத் துப்புரவாக்குவது முதற்பணி. ஆளில்லாத வளவுகளுக்கும் குடியிருப்புக்கும் இடையில் சில மீற்றர் அகலத்துக்கு மண்ணைக் கொத்தி வெறுமையாக வைத்தால் தரைத்தீ அதைத் தாண்டாது. வெட்டிய பற்றையை மாரி மழை தொடங்கிய பின் எரிக்கலாம். எரிக்காமல் தாழ்த்து உரமாக்கினால் செம்பாட்டு மண்ணுக்கு அது ஊட்டம். ஆடு மாடு மேய விட்டால் புல் சருகாகும்வரை நிற்காது. 1978 முதல் இயங்கும் பனை அபிவிருத்திச் சபை போன்ற நிறுவனங்கள் ஓலைக்கும் நாருக்கும் நல்ல விலை கிடைக்கச் செய்தால், காவோலையை மீண்டும் மரத்திலிருந்து இறக்க ஆள் வரும்.

இவை யாவற்றுக்கும் முன் நிபந்தனை ஒன்று உண்டு: நிலத்தில் உரியவர் இருக்க வேண்டும். கண்ணிவெடி அகற்றி, காணியை விடுவித்து, கிணற்றைத் தூர்வாரி, குடும்பங்கள் தங்கி உழைக்க வழி செய்வது மீள்குடியேற்ற வேலை மட்டுமல்ல. வெப்பம் கூடிவரும் காலத்தில் அதுவே தீத்தடுப்பு வேலையும் ஆகும். துறைமுகம் 2019 முதல் மீண்டும் இயங்குகிறது. படகுகள் கடலுக்குப் போகின்றன. வலிகாமம் வடக்கில் இன்னும் திறக்காத காணிகளில் காவோலை எடுப்பாரின்றிச் சேர்ந்துகொண்டிருக்கிறது.